சுகர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு

காலை ஏழரை மணிக்கு என் கைபேசியில் 'சுகர் நிலக்கோட்டை' என்று பெயர் வந்தது. அந்தப் பெண் புதன்கிழமை தவிர வேறு நாளில் என்னை அழைத்ததில்லை. எடுத்தேன். பின்னால் பூ மார்க்கெட் இரைச்சல்.

"யக்கா, சபியாம்மா போயிட்டாங்கக்கா. நெஞ்சு வலிக்குதுன்னு தூக்கிட்டு ஓடியிருக்காக. வழியிலயே முடிஞ்சிருச்சாம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அறுபத்தாறு வயதுக் கிழவி நான் செம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். முந்தின வாரம் அவளே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு "வெறும் கேஸ்தாம்மா" என்றாள். ஊரில் உள்ள அத்தனை பெண்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவள், தன் நெஞ்சை ஒரு டாக்டரிடம் காட்டவில்லை. இதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி மனைவி மல்லிகா அருகில் நின்றுகொண்டிருந்தாள். கையில் எனக்கான பாகற்காய்ச் சாறு.

"யாரு மதினி?"

"ஆஸ்பத்திரிச் சபியா செத்துப்போச்சு."

"அய்யோ, உங்க சுகர் டாக்டரம்மாவா? இருங்க, சேலையை மாத்திட்டு நானும் வாரேன். உங்களை அம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்ட பிள்ளை."

சபியா சுகர் டாக்டர் இல்லை. எனக்குச் சுகரும் இல்லை. இந்த இரண்டு பொய்களையும் உடைத்துவிட்டுத்தான் மேலே எழுத முடியும். அவள் மனநல ஆலோசகர். வீட்டுக்குள் வதைபட்ட பெண்கள் வாய் திறக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பது அவள் வேலை. நான் இரண்டு வருடம் அவளிடம் போனேன். புதன்கிழமைகளில் திண்டுக்கல் மருத்துவமனையின் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சுகர் கன்னிவாடி, சுகர் சின்னாளபட்டி என்றுதான் உங்கள் எண்களை வைத்திருக்கிறேன். என் எண்ணையும் நீங்கள் 'சுகர் கிழவி' என்று வைத்திருப்பீர்கள். இருக்கட்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அவள் செய்தது என்னவென்று விளங்காது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். பிறகு நானே படித்தேன். பொட்டலம் கட்டி வந்த தாளில் தொடங்கி, ஊர் நூலகத்தின் கடைசி அலமாரி வரை. சத்துணவுக் கூடத்தில் சமைத்தேன். கல்யாணம் வேண்டாம் என்றேன். அடித்தார்கள், அழுதார்கள், நான் நகரவில்லை. ஏன் வேண்டாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. திமிர் என்று காரணத்தையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

காரணம் என் அம்மாவின் தம்பி. இத்தனை வருடம் வாயால் 'மாமா' என்றே சொல்லிவந்தேன். இங்கே 'அவன்' என்று எழுதுகிறேன். எனக்குப் பத்து வயதில் தொடங்கி மூன்று வருடம். என்ன நடந்தது என்று விவரிக்கப் போவதில்லை, படிக்கிறவர்களுக்குப் புரியும். பதின்மூன்றில் நான் பெரியவளானேன். தாய்மாமன் கையால்தான் ஓலைக் குடிசை கட்ட வேண்டும் என்பது எங்கள் முறை. அவன்தான் கட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊரே பார்த்து மெச்ச, பச்சைத் தென்னங்கீற்றைப் பின்னினான். நான் அதற்குள் போகமாட்டேன் என்றேன். முடியைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். பதினாறு நாள் அவன் கட்டிய குடிசைக்குள் இருந்தேன். பச்சை ஓலை காயும் வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

மல்லிகா அவன் மகள். முறைப்பெண் என்று என் தம்பிக்குக் கட்டிவைத்தார்கள். இந்த வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காரும் ஒரே ஆள் அவள்தான். என் வாயை அடைத்துவைத்திருந்தது ஊரோ உறவோ இல்லை. அவளுடைய அன்புதான்.

மல்லிகாவின் பேத்தி பெரியவளானபோது வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவன் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மேல் மூலையில் மாலையோடு அவன் படம், கீழே 'நல்லாசியுடன்'. எல்லோரும் பந்தியில் இருந்தபோது கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அந்த முகத்தை மட்டும் அறுத்தெடுத்தேன். மாடு முட்டிக் கிழித்துவிட்டது என்றார்கள். ஒரு முகத்தை மட்டும் சதுரமாக அறுக்கிற மாடு! அதையும் நம்பினார்கள். நம்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் எங்கள் ஆட்கள் எதையும் நம்புவார்கள்.

அன்றிலிருந்து என் கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கம் போனது. பிரஷர் பார்க்கத் திண்டுக்கல் போனேன். அன்று நர்ஸ் வரவில்லை என்று சபியா பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, காய்கறி விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"உங்களை யாரும் அடிச்சாங்களாம்மா?"

"என்னை அடிக்க எவன் இருக்கான்? தனிக்கட்டை நான்."

"இப்பக் கேக்கலம்மா. எப்பவாச்சும்."

பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை பின்னால் வந்தாள். "புதன்கிழமை நான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். வா என்று சொல்லவில்லை.

அடுத்த ஏழு புதன்கிழமை நான் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். ஏழு முறையும் மருத்துவமனைக்கு எதிரே உள்ள கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். எதற்குப் பயந்தேன் என்று எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும். பைத்தியம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் என் வீட்டையும் நிலத்தையும் தம்பி மகன் எழுதி வாங்கிக்கொள்வான் என்று பயந்தேன். தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்தேன். சொன்னது மல்லிகாவின் காதுக்குப் போகும் என்று பயந்தேன். எல்லாவற்றையும்விட, வாயைத் திறந்தால் திரும்ப மூட முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். ஏழாவது முறை டீக்கடைக்கே சபியா வந்தாள். என்னைப் பார்க்காதது போல் பக்கத்தில் நின்று வடை வாங்கினாள்.

"பயம் போனப்புறம் வரலாம்னு இருக்கீங்களாம்மா?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பயந்துக்கிட்டே வாங்க. பயம் போயிருச்சுன்னா அப்புறம் எங்கிட்ட என்ன வேலை?"

எட்டாவது புதன் உள்ளே போனேன். சீட்டு போடுகிற ஜன்னலில் இருந்தவன், நான் மெதுவாகச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கூடமே அதிரக் கத்தினான். "மனநலமா? பதினாலாம் நம்பர் போங்க!" வரிசையே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர்க்காரி ஒருத்தியும் அதில் இருந்தாள். "எனக்குச் சுகருப்பா! சுகர்!" என்று நானும் கத்தினேன்.

சபியா எங்கிருந்தோ வந்தாள். "சுகர்தானேம்மா? சுகரும் நான்தான் பாக்குறேன். வாங்க." அந்தச் சீட்டை வாங்கி, மனநலம் என்பதை அடித்து, சுகர் என்று எழுதினாள். படிக்கு அடியில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள். ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் அதே கையெழுத்தில் சுகர். நிஜமான சுகர்காரர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெஞ்சில் மட்டும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுகர் என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. மாமியார் அனுப்புவாள், புருஷன் பஸ்ஸுக்குக் கொடுப்பான். மாதா மாதம் போனாலும் சந்தேகம் வராது. சபியா கண்டுபிடித்த வழி இது. சரியா தப்பா என்று மேலிடத்தில் விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். விசாரித்தவர்களில் எவனாவது அந்த ஜன்னலில் நின்று தன் பெண்டாட்டிக்கு மனநலச் சீட்டு கேட்டிருப்பானா?

ஆனால் அந்தச் சீட்டை நான் பையில் வைத்ததுதான் வினையாகிவிட்டது. மல்லிகா பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. டீயில் சக்கரை கிடையாது. பொங்கலன்று எனக்கு மட்டும் வெண்பொங்கல். கல்யாண வீடுகளில் என் இலைக்குக் கேசரி வந்தால் எட்டிப் பிடித்து எடுத்துவிடுவாள். "எங்க மதினிக்கு ஆகாது." நான் இதைச் சொன்னபோது சபியா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"குடிங்கம்மா, பாகற்காய் நல்லதுதான்."

"நீ வந்து குடி."

"எனக்கு எங்கம்மா அல்வா கிண்டித் தாராங்களே. நான் எதுக்குக் குடிக்கணும்?"

அந்தப் பதினாலாம் நம்பர் அறைக்குக் கதவு கிடையாது. பூட்டுக்குப் பேர் போன ஊரில், பூட்டுவதற்கு ஒரு கதவு இல்லாத அறை. பச்சைத் திரை ஒன்று தொங்கும். உள்ளே பாதி இடத்துக்குக் குளுக்கோஸ் பெட்டிகள். ஒருநாள் நான் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது வார்டு ஆள் திரையைத் தள்ளிக்கொண்டு பெட்டி எடுக்க வந்தான். நான் எழுந்துவிட்டேன். சபியா அவனைப் பிடித்துக் கத்திய கத்தலில் எதிர்ப்பக்கப் பெஞ்சே அமைதியானது. பிறகு நான் மனு எழுதினேன். 'பேசுவதற்கு ஒரு கதவு வேண்டும்' என்று நான்கு மனு. நிதி இல்லை என்றார்கள். அதே மாதம் வாசலில் செயற்கை நீரூற்று வைத்தார்கள். கதவு கடைசிவரை வரவில்லை. அதன்பிறகு சபியா தன் நாற்காலியைத் திரையை ஒட்டிப் போட்டு, அதை முதுகால் அழுத்திக்கொண்டு உட்காருவாள். அவள் முதுகுதான் எங்களுக்குக் கதவு.

அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு புதன்கிழமை சொன்னேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை பாதி நாட்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவள் அய்யோ என்று சொல்லவில்லை, அழவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எங்கம்மாகிட்டச் சொன்னேன். என் தம்பியைப் பத்தி இப்படிப் பேசுறியான்னு வாயில சூடு போட்டா." உதட்டோரத்துத் தழும்பைக் காட்டினேன்.

"அப்ப நீங்க சொல்லிட்டீங்க."

"என்ன?"

"இவ்வளவு நாளும் சொல்லாம இருந்துட்டேன், சொல்லாம இருந்துட்டேன்னுதானே உங்களையே திட்டிக்கிட்டிருந்தீங்க? பத்து வயசுல சொல்லியிருக்கீங்கம்மா. கேக்க வேண்டியவங்க கேக்கல."

ஐம்பத்து நான்கு வருடம் நான் என்னை ஊமை என்று நினைத்திருந்தேன். தழும்பு முகத்திலேயே இருந்தும் அது எதற்குச் சாட்சி என்று எனக்கே தெரியவில்லை. அன்று பஸ் நிலையம் வரை நடந்தேதான் போனேன். எவனாவது வம்புக்கு வரமாட்டானா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. தாமதமாக வருவாள். நாம் பேசும்போது வடை தின்பாள். ஒருமுறை என் கதையை வேறொருத்தியின் கதையோடு குழப்பி, "உங்க சித்தப்பா" என்றாள். எழுந்து வந்து ஒரு மாதம் போகவில்லை. போனபோது, "நான் மறந்தது தப்பு. திட்டுங்க" என்றாள். திட்டினேன். முழுதாகக் கேட்டுக்கொண்டாள். என் வாழ்க்கையில் தப்பு செய்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, நான் திட்டி முடிக்கும்வரை கேட்டது அந்த ஒரு முறைதான்.

மகளிர் தினத்துக்கு யாரோ ஒரு பேச்சாளரை மருத்துவமனைக்குக் கூட்டிவந்திருந்தார்கள். மன்னித்தால் மனம் லேசாகும் என்று ஒரு மணி நேரம் பேசினார். கூட்டம் முடிந்ததும் நேரே சபியாவிடம் போனேன். "நீயும் இதைத்தான் கடைசியில சொல்லப்போறியா?" என்றேன். "மன்னிக்கிறதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லம்மா. கோபமா இருக்கீங்களா? இருங்க. சாப்பிட்டுட்டு இருங்க, தூங்கி எந்திரிச்சுட்டு இருங்க" என்றாள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன்.

இனி அந்த நாள். பேகம்பூரில் அவள் வீட்டுக்கு நானும் மல்லிகாவும் போனபோது அவளைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய்விட்டிருந்தார்கள். ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருக்க, வீடு முழுக்கப் பெண்கள். நீங்களும் இருந்தீர்கள். ஆளுக்கொரு மூலையில், முன்பின் தெரியாதவர்கள் போல. ஓங்கி அழுதால் உனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவளுக்காக அழக்கூட எங்களுக்கு ஒரு கதவு இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். சபியாவின் தங்கை தட்டை நீட்டினாள். மல்லிகா எனக்கு முந்திக்கொண்டாள். "எங்க மதினிக்குச் சுகரு. சக்கரை இல்லாமக் குடும்மா." சுவரோரம் இருந்த நிலக்கோட்டைப் பெண், "எனக்கும் சக்கரை வேணாம்" என்றாள். கன்னிவாடியும் சின்னாளபட்டியும் அதையே சொன்னார்கள். தங்கை அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தாள். "எங்கக்காவைப் பாக்க வந்தவங்க எல்லாருக்கும் சுகரு போல."

அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. தன் அக்கா என்ன வேலை செய்தாள் என்று அவள் வீட்டுக்கே முழுதாகத் தெரியவில்லை. அவளை அடக்கம் செய்த நாளிலும் நாங்கள் பொய் சொல்லிக்கொண்டு அவள் வீட்டு டீயைக் குடிக்கப் போகிறோம்.  

"எனக்குச் சக்கரை போட்டுக் குடு" என்றேன்.

"மதினி!"

"எனக்குச் சுகர் இல்ல மல்லிகா. எப்பவும் இருந்ததில்ல." தங்கையைப் பார்த்துச் சொன்னேன். "உங்கக்கா சுகர் பாக்கலம்மா. எங்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லச் சொல்லிக் கேட்டா. ரெண்டு வருஷம் நான் சொன்னதைக் கேட்டா."

 நிலக்கோட்டைப் பெண் தன் டம்ளரை நீட்டினாள். "எனக்கும் போடும்மா." மற்ற இருவரும் சக்கரையில்லாமலே குடித்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஏழு புதன் நானும் டீக்கடையில் நின்றவள்தான்.

பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மல்லிகா என் காதருகே கேட்டாள். "சுகர் இல்லேன்னா உங்களுக்கு என்ன கொடுமை நடந்துச்சு மதினி? யாரு செஞ்சா?"

"உங்கப்பா."

நான் சொன்னதை முழுதும் கேட்டாள். ஆத்தூர் விலக்கு நிறுத்தம் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எங்கப்பா செத்துப் பதினோரு வருஷமாச்சு" என்றாள்.

"எனக்கு இன்னும் சாகல."

"இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?"

"நீ குடுக்கிறதைக் குடிச்சுக்கிட்டு உன்கிட்டயே பொய் சொல்ல இனிமே ஏலாது."

அவள் எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் சாறு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மருத்துவமனையில் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். மனநலம் என்று போடக் கூச்சப்பட்டு, பேனரில் 'சர்க்கரை நோய்ப் பிரிவில் அயராது உழைத்த' என்று போட்டிருந்தார்கள். சிரித்த முகம், இனிய பண்பு என்று ஐந்து பேர் பேசினார்கள். பதினாலாம் நம்பரை எட்டிப் பார்த்தேன். அவள் நாற்காலியின் மேலும் குளுக்கோஸ் பெட்டியை ஏற்றிவிட்டார்கள். அடுத்த ஆள் எப்போது என்று கேட்டேன். "வருவாங்கம்மா, உங்களுக்கு என்ன அவசரம்?" என்றார் ஓர் அதிகாரி. அறுபத்தாறு வயதில் எனக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார். பெட்டியை நானே இறக்கி வைத்தேன். ஐந்தாவது மனுவைக் கையில் கொடுத்தேன். ஆள் ஒன்று, கதவு ஒன்று. அந்த இரண்டும் வரும்வரை புதன்தோறும் அந்தப் பெஞ்சில் இருப்பேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று யார் கேட்டாலும் சுகர் என்று சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

சபியாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சீட்டு. கடைசியாகப் பார்த்த அன்று எழுதிக்கொடுத்தது. மேலே சுகர் என்று பொய். கீழே அவள் கையெழுத்தில், 'அடுத்த புதன் வரவும்.'

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வாரம், காலையில் நான் கிளம்பும்போது வாசற்படியில் ஒரு டம்ளர் மூடியபடி இருந்தது. மல்லிகா அவள் வீட்டுக்குள் இருந்தாள்; வெளியே வரவில்லை. திறந்தேன். டீ. வாயில் வைக்க முடியாத இனிப்பு, அடியில் கரையாமல் சக்கரை. கோபத்தில் கொட்டினாளா, அன்பில் கொட்டினாளா, எனக்குத் தெரியவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். டம்ளரைக் கழுவி அவள் வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். அன்று புதன்கிழமை.